பெயர் போட வேண்டாம் என்ற சிஸ்டருக்கு நன்றி

மும்பையில், தாராவித் தமிழர்கள் வந்துபோகும் ஒரு சுரக்ஷா கிளினிக்கின் (பால்வினை நோய்களுக்கான அரசு கிளினிக்) சிஸ்டருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோய் ஆரம்பநிலையில் இருந்தால் பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இரண்டாகப் பிரித்து இரு பக்கப் பிட்டத்திலும் போடுவார்கள். அன்றிரவே காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரலாம். கிருமிகள் சாகும்போது வருவது அது, ஒரு நாளில் அடங்கிவிடும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், "மருந்து ஒத்துக்கல" என்று பயந்து ஆள் திரும்பி வரமாட்டார். சிஸ்டர் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுகிறார். "மூச்சுத் திணறினா, உடம்பு தடிச்சா அது வேற, உடனே ஓடி வாங்க" என்று பிரித்தும் சொல்கிறார்.

அடுத்த பயம் ரிப்போர்ட்டில் வரும். டிபிஹெச்ஏ என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை, நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும். பார்க்க வேண்டியது விடிஆர்எல் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையின் அளவு: 1:32 இருந்தது நான்கில் ஒரு பங்காக 1:8க்கு இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. இதைத் தாளில் எழுதிக் காட்டுகிறார். எத்தனை பேருக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்த தாள் அது!

"யார்கிட்ட போனீங்க?" என்று குற்றவாளியைப் போல விசாரிப்பதில்லை. கதவைச் சாத்திவிட்டு, "வீட்டுல எப்படிச் சொல்லப் போறீங்க?" என்று கேட்டு, அந்தப் பேச்சை வந்தவரோடே ஒத்திகை பார்க்கிறார். துணைக்கும் சிகிச்சை நடக்காவிட்டால் தொற்று திரும்ப வரும் அல்லவா. "செத்துடலாம்னு இருக்கு" என்று ஒரு வார்த்தை வந்தால், சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பாமல், மனநல மருத்துவர் அறைவரை அவரே கூட நடக்கிறார்.

நன்றி, சிஸ்டர்.