மூன்றாம் காட்சியை வெட்டச் சொன்ன குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நாடக விழாத் தேர்வுக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிரதியோடு நீங்கள் இணைத்திருந்த குறிப்பு கிடைத்தது. மூன்றாம் காட்சியை நீக்கினால் மேடையேற்றலாம், நம்மவரை நம்மவரே குறை சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு தொலைபேசியில் அழைத்த உறுப்பினர் ஒருவர் இரண்டு மாற்று வழிகளும் சொன்னார். பள்ளித் துப்புரவைக் குத்தகைக்கு எடுக்கும் கம்பெனி முதலாளியான டத்தோவை (டத்தோ என்பது நம் நாட்டுக் கௌரவப் பட்டம்) வேற்று இனத்தவராக மாற்றிவிடலாம். இல்லையென்றால் துப்புரவு வேலை செய்யும் அக்காவின் கணவரைக் குடிகாரராக்கிவிடலாம். "அப்ப கதை சரியா உட்கார்ந்துடும் சார்" என்றார். உட்காரும்தான். முதல் வரிசையில் இருப்பவர்களுக்கு முதுகு வலிக்காமல் உட்காரும்.

பள்ளியில் கழிவறை கழுவும் அக்கா, மகளின் பிரசவத்துக்காக நான்கு நாள் லீவு கேட்கிறார். எட்டு நாள் முடிந்துவிட்டது என்கிறார் சூப்பர்வைசர். அந்தக் காட்சியில் நடப்பது இவ்வளவுதான். ஆனால் அந்த எட்டு எங்கிருந்து வந்தது? மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுமுறை. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 12. ஐந்து ஆண்டு ஆகிவிட்டால் 16. அக்கா அதே பள்ளியில், அதே மாடிப்படியில், பத்து ஆண்டுக்கு மேலாகக் கூட்டுகிறார். அவருக்கு 16 வர வேண்டாமா? வராது. குத்தகை கைமாறும்போதெல்லாம் பழைய கம்பெனி கணக்கை முடித்துவிடுகிறது, புதிய கம்பெனி புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் அக்கா புது ஆள். முட்டி தேய்ந்தது மட்டும் பழைய கணக்கில் நிற்கிறது. நோய் விடுப்பும் ஆட்குறைப்பு இழப்பீடும் இதே ஆண்டுக் கணக்கில்தான் ஏறும், ஆகவே அவையும் ஏறுவதில்லை. சம்பளமா? குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாங்கம் உயர்த்தினால் உண்டு. 2025 பிப்ரவரியில் அது மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி கம்பெனியைக் கைகாட்டும். டெண்டர் விலைக்கு இவ்வளவுதான் கட்டுப்படியாகும் என்று கம்பெனி சொல்லும். மேலே போனால், அது உங்களுக்கும் முதலாளிக்கும் உள்ள விவகாரம் என்பார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. என் டத்தோவும் கெட்டவர் இல்லை, கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுப்பவர். அவர் மனைவி தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த அக்காவுக்கே அரிசிப் பையும் எண்ணெய்ப் போத்தலும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார். வில்லனை எழுதுவது எனக்கும் சுலபம். நல்லவர்களே நிறைந்த வீட்டில் எட்டு ஏன் பதினாறு ஆவதில்லை என்று கேட்கத்தான் இந்த நாடகத்தை எழுதினேன். அதைக் கேட்பது மூன்றாம் காட்சி. அது மேடையில் இருக்க வேண்டும்.

குடிகாரக் கணவர் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, கள்ளுக்கடைகளை மூடு என்பது அவர்களே வைத்த கோரிக்கை. துரைமாருக்கும் தோட்டத்து அலுவலர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பது இன்னொன்று. அந்த அலுவலர்களில், கிராணிமார் என்ற தோட்டத்துக் கணக்கர்களில், நம்மவர்கள் இல்லையா? அன்றைக்கே அவர்கள் கேட்டதை இன்றைக்கு நான் கேட்டால் இனத்துரோகம் என்கிறீர்கள். தோட்டத்துக் கதை பழைய கதை என்றும் குறிப்பில் இருக்கிறது. உங்கள் குழு கூடும் பங்சாரே ரப்பர் தோட்டமாக இருந்த இடம்தான். மரம் போய்விட்டது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்களின் பேத்திகள் இப்போது ஆறரை மணிக்குப் பள்ளி வாசலில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வர்க்கம் பேசினால் அரசியல், விழாவுக்குக் கலைதான் வேண்டும் என்ற வரிக்கு ஓர் உதாரணம் மட்டும். இங்கிலாந்தின் ஜே.பி. பிரீஸ்ட்லி எழுதிய 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தில், ஆலைத் தொழிலாளிப் பெண் ஒருத்தியின் சாவில் ஆலை முதலாளி குடும்பம் முழுவதற்கும் பங்கு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் எழுதியவர் கதையை 1912இல் வைத்தார். போரே வராது என்று முதலாளி மேடையில் அடித்துப் பேசுவார், கீழே உட்கார்ந்திருந்தவர்களோ இரண்டு போர்களைப் பார்த்து முடித்தவர்கள். அது 1945இல் முதலில் மேடையேறியது சோவியத் நாட்டில் (இதைச் சொன்னால் என்மேல் உங்களுக்கு இருக்கும் சந்தேகம் வலுக்கும்), மறு ஆண்டு லண்டனில். இன்றும் இங்கிலாந்துப் பள்ளிகளில் பாடம். அந்த நாட்டு முதலாளிகள் யாரும் இதனால் நொடித்துப் போனதாகத் தெரியவில்லை.

நம் விழாக்களிலோ நாடகம் தொடங்குவதற்குள் பிரமுகர் வர வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், அவர் பேச வேண்டும், அவரைப் பற்றி இன்னொருவர் பேச வேண்டும். ஒப்பனை வியர்வையில் வழிந்து நடிகர்கள் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். பேச்சை வெட்டச் சொல்லி எந்தக் குழுவும் குறிப்பு அனுப்பியதில்லை. மண்டபத்தைக் கூட்டுகிறவர்களுக்கு இருக்கை ஒதுக்குவது பற்றி யோசித்தாவது பார்த்திருக்கிறீர்களா? சரி, அது வேறு மடலுக்கான விஷயம். கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஊதியமில்லாமல் உழைக்கிறீர்கள், மண்டப வாடகைக்கு ஆதரவாளர்களைத் தேடி அலைகிறீர்கள் என்பதை அறிவேன். அவர்களில் ஒருவர் ஆள் சேர்க்கும் தொழிலில் இருப்பதால் உங்களுக்குச் சங்கடம் என்றால், அதை நேராகவே சொல்லுங்கள். அவருக்குப் பிரதியைப் படித்துக் காட்ட நானே வருகிறேன். மற்றபடி நான் கேட்பது ஒன்றுதான், தயவுசெய்து மூன்றாம் காட்சியை ஒரு வரியும் குறைக்காமல் அனுமதியுங்கள். முடியாது என்றால், காரணத்தை எழுதிக் குழுத் தலைவர் கையெழுத்திட்டு அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம். நடிக்க ஒப்புக்கொண்டவர்களில் இருவர் பள்ளித் துப்புரவுப் பணியாளர்கள். ஒத்திகைக்கு அவர்கள் முன்கூட்டியே லீவு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நாடகத்தை எழுதியவன்
கோலாலம்பூர்