தவணை தவறாத பெண்ணுக்குத் தனிக்கடன் எப்போது?

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வங்கியாளர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு நெடுங்காலம் வேலை செய்துவருபவள் நான். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு குழுக்களைத் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். 1992இல் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. வங்கி வாசலை மிதிக்கத் தயங்கிய பெண்கள் இன்று தீர்மான நோட்டோடு வந்து மேலாளரிடம் வட்டிக் கணக்குப் பேசுகிறார்கள். இதில் உங்கள் பங்கு பெரிது.

ஆனால் அதே பெண் குழுவை விட்டுத் தனியாக, தன் பெயரில் கடன் கேட்டு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது.

ஒரு கறவை மாடு வைத்திருப்பவர் இன்னும் இரண்டு வாங்க நினைக்கிறார் என்று வையுங்கள். குழுவுக்கு 5 லட்சம் கிடைத்தாலும் பன்னிரண்டு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு 42,000கூட வராது. நல்ல கலப்பின மாடு ஒன்றுக்கே அது போதாது. தனிக்கடன் கேட்டால், "வீட்டுக்காரர் வரலையா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது பட்டா. பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது. பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தியது. இருந்தும், அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடக் கூடாதே என்று, தம் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள்தான் எங்கள் ஊர்களில் அதிகம். அவர்களிடம் போய் நிலத்தைக் காட்டு என்றால் எதைக் காட்டுவார்கள்?

இத்தனைக்கும், குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

நகைக்கடன் கொடுக்கிறோமே என்பீர்கள். அது நகை இருப்பவருக்கு. மிச்சப் பேர் மைக்ரோ ஃபைனான்ஸுக்குப் போகிறார்கள். குழுக் கடனில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. அங்கே இருபதைத் தாண்டுகிறது. மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022இல் விதி வந்தது. வருமானத்தைப் படிவத்தில் கூட்டி எழுதிக்கொண்டால் அந்த விதி யாரைக் காப்பாற்றும்? ஒரு கம்பெனித் தவணைக்கு இன்னொரு கம்பெனியில் கடன் வாங்கி, வசூலுக்கு ஆள் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களை நான் அறிவேன். அவர்களில் பலர் குழுவில் ஒரு தவணைகூடத் தவறாதவர்கள். இதுதான் என்னை வதைக்கிறது.

தவணை தவறாத அந்த நாணயம் பதிவாகியிருப்பது குழுவின் பேரேட்டில். அது அலமாரிக்குள் கிடக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும், யார் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஜனவரியில் சுற்றறிக்கை அனுப்பியது. எங்கள் பெண்கள் தனிக்கடன் கேட்கும்போது, அவர்கள் பெயரில் எந்தக் கடன் வரலாறும் இல்லை என்ற பதிலே இன்னும் வருகிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். தனிக்கடன் கேட்டு வரும் பெண், குழுவின் பணத்திலிருந்து வாங்கிக் கட்டிய உள்கடன் பற்றிப் பேரேட்டில் உள்ள கணக்கைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். பால் சங்கத்தில் ஊற்றிய பாலின் கணக்கை வருமானச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் கையெழுத்து இல்லாமல் மனுவைப் பரிசீலியுங்கள். பிணை தேவையில்லை என்ற விதியைத் தமிழில் எழுதிக் கிளை வாசலில் ஒட்டுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்; வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால் எங்கே போய் முறையிடுவது?

காலாண்டுதோறும் நீங்கள் கூடும்போது குழுக் கடன் எவ்வளவு வழங்கப்பட்டது என்ற கணக்கு முன்வைக்கப்படுகிறது. அடுத்த கூட்டத்தில் இன்னொரு கணக்கையும் மாவட்டவாரியாக வையுங்கள்: தனிக்கடன் கேட்டு வந்த குழுப் பெண்கள் எத்தனை பேர், வாங்கியவர்கள் எத்தனை பேர், மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன காரணத்தால்.

இப்படிக்கு,
குழு ஊக்குநர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்