சின்ன ராமசாமி இனி வெறும் ராமசாமியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அப்பா இறந்த பிறகும் மகன் பெயரோடு ‘ஜூனியர்’ இருக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார், இருக்கும் என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். சரிதான். பைடனின் அப்பா 2002-லேயே காலமாகிவிட்டார், 2021-ல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோதும் அவர் ‘ஜோசப் ராபினெட் பைடன் ஜூனியர்’ என்று சொல்லித்தான் உறுதிமொழி எடுத்தார். அப்பா போனதும் மகன் அதை விட்டுவிடுவதுதான் அங்கேயும் பழைய வழக்கம். அப்புறம் பேங்க், சொத்து என்று ஒரே பெயரில் இரண்டு பேர் காகிதமும் கலந்துபோகும் என்று இப்போது பலர் விடுவதில்லை.

எங்கள் வீட்டுக் கதை இதைவிடச் சிக்கல். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற குடும்பம் (பெயரன்தானே பேரன்). பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்: என் அப்பா சு. ராமசாமி, நான் ரா. சுப்பையா, என் மகன் திரும்பவும் சு. ராமசாமி. இனிஷியல் வரைக்கும் ஒன்று. என் தாத்தாவும் சுப்பையா என்பதால் தகப்பனார் பெயர் கேட்கிற கட்டத்திலும் இரண்டு பேருக்கும் அதே சுப்பையாதான். வீட்டில் பெரியவர், சின்னவர் என்று பிரித்துக்கொண்டோம். மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாதென்று என் மனைவி பையனைத் ‘தம்பி’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள், மாமனார் போய் இரண்டு வருஷம் ஆகியும் அது மாறவில்லை.

அப்பா இருக்கும்போதே ஒன்றரை ஏக்கரைப் பேரனுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதி வைத்தார். பத்திரம் எழுதுகிறவர், ‘சுப்பையா மகன் ராமசாமி ஆகிய நான், சுப்பையா மகன் ராமசாமி ஆகிய உனக்கு’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தார். அப்புறம் இரண்டு பேர் வயதையும் ஆதார் எண்ணையும் போட்டு, ‘என் மகன் வயிற்றுப் பேரன்’ என்று ஒரு வரி சேர்த்தார். பத்திரத்தில் குழப்பமில்லை. பட்டா மாறுதலுக்குப் போனபோதுதான் வந்தது வினை. பட்டாவில் வயது கிடையாது, ஆளின் பெயரும் தகப்பனார் பெயரும்தான். மனுவையும் பழைய பட்டாவையும் மாறி மாறிப் பார்த்த எழுத்தர், “ஏற்கெனவே இவர் பேர்லதானே இருக்கு, இதுல எதை சார் மாத்தறது?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பையன், “தாத்தாதான் இல்லையே, இனி எதுக்குச் சின்ன?” என்கிறான். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆள் போனாலும் அவர் பெயர் எங்கே போகிறது? பித்தளை அண்டாவில் ‘சு.ரா’ என்று வெட்டியிருக்கிறது, கோயில் உபயப் பலகையில் இருக்கிறது, பழைய பத்திரங்களில் அவர் கையெழுத்து இருக்கிறது. நாற்பது வருஷம் கழித்து யாராவது இதையெல்லாம் எடுத்துப் பார்த்தால் எந்த ராமசாமி என்று எப்படித் தெரியும்? வீட்டில் கூப்பிடுகிற ‘சின்ன’ காகிதத்தில் ஏறாது என்றால், பட்டாவில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருஷத்தையாவது அச்சடிக்கட்டும். இது ஒன்றும் பெரிய செலவில்லை.

மறுபடி மனு கொடுத்து நாலு மாதமாகிறது. அதிலும் கையெழுத்து சு. ராமசாமி என்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
பெரியவரின் மகன், சின்னவரின் அப்பா