சோன்யா ஷ்லேசின் அம்மையாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா,

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வக்கீல் எழுதுகிறேன். இங்கே காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே போராட்டத்தில் நின்ற தம்பி நாயுடுவையும் தெரியும். உங்கள் பெயரை எடுத்தால் மட்டும் 'காந்தியின் செக்ரட்டரி' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

1909-இல் நீங்கள் காந்தியிடமே ஆர்ட்டிகிள்ஸ் செய்ய, அதாவது ஒப்பந்தம் போட்டு வக்கீல் தொழில் பழக, அனுமதி கேட்டீர்கள். எங்கள் ஊர் அன்று இருந்த டிரான்ஸ்வாலின் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பெண் என்பதுதான் காரணம். ஆர்ட்டிகிள்ஸ் இல்லாமல் அன்று அட்டர்னி என்ற வக்கீல் ஆக முடியாது. சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதி, திருத்தம் வாங்கி, கோர்ட்டு ரிஜிஸ்ட்ராரிடம் கட்டுக்கட்டாகத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகினால்தான் இந்தத் தொழில் கைக்கு வரும். அந்த ஒப்பந்தத்தையே பதிய விடாமல் உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் 1913-இல் நடந்தது என்ன? டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். தலைவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனபோது, கடிதப் போக்குவரத்து, பணக் கணக்கு, காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை எல்லாவற்றையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். காந்தியே அதை எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பாட்டிமார் ஜெயிலில் இருந்தபோது வெளியே அவர்களுக்காக நின்றவர் நீங்கள். ஒரு வக்கீலின் ஆபீசில் நடக்கும் வேலையில் பாதி இதுதான் அம்மா. பட்டம் மட்டும்தான் உங்களுக்கு இல்லை.

உங்களைப் போலவே ஆர்ட்டிகிள்ஸ் கேட்ட மேடலின் வூக்கிக்கும் இதே கதிதான். கேப் நீதிமன்றம் சரி என்றது. வழக்கறிஞர் சங்கம் மேல்முறையீட்டுக்குப் போய் 1912-இல் அதைத் தட்டிவிட்டது. நீதிபதிகள் சாத்திய கதவைத் திறக்க 1923-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஐரின் கெஃபன் அந்த ஆண்டே அட்வகேட், அதாவது கோர்ட்டில் வாதாடும் வக்கீல், ஆனார். நீங்கள் பின்னாளில் பள்ளி ஆசிரியை ஆனீர்கள்.

அந்தச் சட்டம் வெள்ளைக்காரப் பெண்களுக்குத்தான் உடனே பயன்பட்டது. டர்பன் கிளேர்வுட்டில் பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை, 1967-இல் சொந்தமாக வக்கீல் ஆபீஸ் திறந்தார். நேட்டாலில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அப்படித் திறந்தது அதுதான் முதல் தடவை. அவரைப் படிக்க வைக்கக் கிளேர்வுட் மக்களே காசு சேர்த்தார்கள். 1995-இல்தான் அவர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆக முடிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த வெள்ளையரல்லாத முதல் பெண் அவர். 1923-க்கும் அதற்கும் இடையே 72 ஆண்டுகள்! இந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

2024-இல் மண்டிசா மாயா இந்நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதி ஆனார். ஜெயித்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டுப் பார்த்துத் தோற்றவர்களையும் சேர்க்காவிட்டால் அது வரலாறே இல்லை. பயிற்சி வக்கீல்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் இந்த முறை வூக்கி வழக்குக்கு முன்னால் உங்கள் வழக்கை வைத்திருக்கிறேன். தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு ஜோகன்னஸ்பர்க் தமிழச்சி