ஜனவரி 30: வேலூரில் இருக்கும் நண்பனுக்கு

ஹட்டன், இலங்கை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் வற்றி நீ மறுபடியும் நடமாடத் தொடங்கியதை அறிந்து மகிழ்ந்தோம். இங்கே விடியற்காலையில் பனி கொட்டுகிறது. தேயிலைக் கொழுந்து குறைந்துவிட்டதால் தோட்டத்தில் வேலைநாள்களும் குறைந்துவிட்டன. பாடசாலைக் காலைக் கூட்டத்தில் ‘வரலாற்றில் இன்று’ வாசிக்கும் முறை பேத்திக்கு வந்திருப்பதால், ஜனவரி 30க்கு என்ன எழுதலாம் என்று கேட்டாள். காந்தியடிகள் சுடப்பட்ட நாள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் கேட்டால் அவ்வளவில் முடியுமா?

இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்ள்ஸ் 1649இல் தலை வெட்டப்பட்டது இந்தத் திகதியில்தான். குளிரில் உடல் நடுங்கினால் அச்சத்தால் நடுங்குவதாகக் கூட்டம் எண்ணிவிடும் என்று, இரண்டு சட்டைகளை அணிந்துகொண்டு அவன் மேடை ஏறினானாம். ஆனால் அந்நாட்டில் அப்போது பழைய யூலியன் நாட்காட்டியே வழக்கில் இருந்ததால், இன்றைய கணக்கில் அது பெப்ரவரி 9 ஆகிவிடுகிறது. 1933இல் ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலராகப் பதவியேற்றதும், 1972இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் சென்றவர்களைப் பிரித்தானியப் படையினர் சுட்டுக் கொன்றதும் இதே திகதியில்தான். இவற்றுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. திகதி ஒன்றென்பதற்காகத் தொடர்பு கற்பிப்பது சோதிடர் வேலை.

1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டது அன்றுதான். ஆயினும் அன்பர்கள் அதைத் தைப்பூசத்தோடு சேர்த்தே போற்றுவதால், ஜனவரி 30 என்றதும் அவரை நினைப்பவர் மிகச் சிலரே.

பேத்திக்கு நான் எழுதிக் கொடுத்தது, நீ இருக்கும் ஊரில் 1832 ஜனவரி 30 அன்று கண்ணை மூடிய, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றித்தான். கண்ணுச்சாமி என்ற இயற்பெயர் கொண்ட அந்த நாயக்க வம்சத்து மன்னன், 1815 பெப்ரவரியில் தும்பறைப் பகுதியில் பிடிபட்டு, மறு ஆண்டு கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் காவலில் வாழ்ந்து மறைந்தான். அவன் அங்கே அடைபட்டிருந்த 1820களில்தான், அவனைக் கொண்டுபோன அதே ஆங்கிலேயரின் ஆட்சியில், கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து அவனுடைய மலைகளுக்குக் கால்நடையாக அழைத்து வரப்பட்டனர். பின்னர், தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் (அதுவும் ஒரு 30ஆம் திகதிதான், மாதம் அக்டோபர்) உன்னைக் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேற்றி, அந்த மன்னன் மறைந்த ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. இதைத் தற்செயல் என்றே நானும் சொல்வேன். ஆனால் இது சார்ள்ஸையும் ஹிட்லரையும் ஒரே பட்டியலில் இட்ட தற்செயல் அன்று.

காந்தியைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தேன். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கண்டிக்கும் வந்து சென்றவர் அவர். 1948இல், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, படேலுடன் பேசிக்கொண்டிருந்ததால் சற்றுத் தாமதமாகப் பிரார்த்தனைக்குப் புறப்பட்டவர், சுடப்பட்டு விழுந்தார். ஐந்தாம் நாள், இந்தியா துக்கத்தில் இருந்தபோதே, இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டங்களில் பிரேம் போட்ட காந்தி படங்கள் மட்டும் சுவரிலேயே இருந்தன.

பாலாற்றங்கரையில் மன்னனுக்கு எழுப்பிய முத்து மண்டபம் உன் வீட்டிலிருந்து வெகு தூரம் இல்லை என்று முன்னொரு முறை எழுதியிருந்தாய். கால் இடம் கொடுத்தால் ஒரு நாள் போய், அங்குள்ள கல்வெட்டில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதி அனுப்பு. ஜனவரி 30 அன்று அங்கே யாராவது மாலை போடுகிறார்களா என்பதையும் விசாரித்துச் சொல்.

உன் அன்பு நண்பன்