அந்த கல்யாணிய இன்னொரு தடவ கேக்கணும்டா

மச்சான்,

உன் லெட்டர் கெடச்சுது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதியாச்சு, நடக்க ஆரம்பிச்சதும் ஒரு வார்த்தை எழுது. இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவ காலேஜ் சேந்தாச்சு, சின்னவன் மிருதங்கம் கத்துக்கணும்னு அடம் பிடிக்கிறான்.

நீ கேட்டிருந்தியே, இதுவரைக்கும் போன கச்சேரிகள்ல எத மறுபடி நேர்ல உக்காந்து கேக்கணும்னு ஆசைன்னு. யோசிக்கவே வேணாம்டா. மாண்டலின் ஸ்ரீனிவாஸ். டிசம்பர் சீசன்ல நாரத கான சபாவுல நம்ம ரெண்டு பேரும் கடைசி வரிசைல உக்காந்து கேட்டோமே, அந்த கல்யாணி ராகம்.

வந்து உக்காந்தாரு, அந்த சிரிப்பு, அவ்ளோதான், ஒரு பேச்சு இல்ல. எடுத்த எடுப்புல வேகம் காட்டாம காந்தாரம், மத்யமம்ங்கற ரெண்டு ஸ்வரத்துல மட்டுமே ரொம்ப நேரம் நின்னாரு, விரல் கம்பி மேல வழுக்கிட்டுப் போய் அந்த மத்யமத்துல அசைஞ்சு நின்னப்போ, நமக்கு முன்னாடி ப்ரோக்ராம் நோட்டீஸால விசிறிக்கிட்டிருந்த மாமி கை அப்படியே நின்னுபோச்சு. ஞாபகம் இருக்கா?

சாதா மாண்டலின்ல இது நடக்காதுடா. அதுல ரெண்டு ரெண்டு கம்பியா இருக்கும், மீட்டினா சத்தம் டக்குனு அடங்கிடும், ஸ்வரத்த அசைச்சு வளைக்கிற கமகம் எப்படி வரும்? அதனாலதான் அவரு எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறி ஒத்தைக் கம்பியா அஞ்சு கம்பி வச்சுக்கிட்டாரு, சத்தம் நீண்டு நிக்கும், இழுத்தா குரல் மாதிரி வளையும். அவரோட குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கவே தெரியாதாம், அவரு பாடிக் காட்டுவாராம், ஆந்திராவுல பாலகோல்லுங்கற ஊர்ப் பையன் நம்ம ஸ்ரீனிவாஸ் அத கேட்டு கேட்டு வாசிப்பானாம். எனக்கு என்ன தோணுதுன்னா, வாத்தியக்காரர்கிட்ட கத்துக்காம பாட்டுக்காரர்கிட்ட கத்துக்கிட்டதாலதான் அவரு வாசிச்சா மூச்சு விட்டு பாடுற மாதிரி இருந்துச்சு. 1981ல சென்னைல வாசிக்க வந்தப்போ சின்னப் பையன், இந்த மேல்நாட்டு வாத்தியத்துல கர்நாடக சங்கீதமான்னு கேட்டவங்க எல்லாம் வாய மூடிக்கிட்டாங்க.

2014 செப்டம்பர்ல போயிட்டாரு, 45 வயசு. எனக்கு இன்னும் மனசு ஆறலடா. ரிமெம்பர் சக்தி இசைக்குழுவுல அவரோட சேந்து வாசிச்ச தபலா ஜாகிர் ஹுசேனும் 2024 டிசம்பர்ல போனாரு. அன்னிக்கு ராத்திரி பழைய ரெக்கார்டிங் எல்லாம் போட்டு கேட்டுட்டே இருந்தேன், தூக்கமே வரல.

யூடியூப்ல எல்லாம் இருக்கு, இனி எதுக்கு சபா சபாவா அலையணும்னு எழுதியிருந்த பாரு, அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அந்தக் காலத்து கேசட்ட எடுத்துக்கோ, ஒரு பக்கம் 30 நிமிஷம், அதுக்குள்ள ராகத்த விரிக்கிற ஆலாபனை, கீர்த்தனை, ஸ்வரம் எல்லாத்தையும் அடைக்கணும், அஞ்சு நிமிஷத்துல ராகத்த முடிச்சுடுவாங்க. சபாவுல அந்த அவசரம் கெடையாது, கேக்குறவங்க தலையாட்டுறத பாத்து வாசிக்கிறவருக்கும் ஒண்ணு தோணும், அது அன்னிக்கு மட்டும்தான் வரும். மிருதங்கக்காரர் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துல மொத்த ஹாலும் சேந்து தாளம் போடுமே, அந்த தொடை தட்டுற சத்தம் எந்த ரெக்கார்டிங்ல கேக்குது சொல்லு? தனி ஆரம்பிச்சதும் கேண்டீனுக்கு எழுந்து போறவங்கள பாத்தா எனக்கு இப்பவும் கோவம்தான் வருது, அது வேற.

ஆசைப்பட்டா மட்டும் அவரு திரும்பி வரப்போறதில்ல. ஆனா வருஷா வருஷம் திரும்பி வர்றது ஒண்ணு இருக்கு, திருவையாறு தியாகராஜ ஆராதனை. தியாகராஜர் சமாதியான புஷ்ய பகுள பஞ்சமி திதி அன்னிக்கு காவிரிக் கரைல நூத்துக்கணக்கான பேரு உக்காந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு ராகத்துல அவரோட அஞ்சு பஞ்சரத்ன கீர்த்தனையையும் ஒண்ணா பாடுறது. தூர்தர்ஷன்ல பாத்திருப்ப. நேர்ல அந்தப் பந்தலுக்குள்ள இருந்தா உனக்குப் பக்கத்துல தெரியாத ஒரு தாத்தா கண்ண மூடி பாடிட்டு இருப்பாரு, நீயும் உனக்குத் தெரிஞ்ச ஸ்வரத்த முணுமுணுக்க ஆரம்பிச்சுடுவ, யாரும் உன்ன திரும்பிப் பாக்க மாட்டாங்க.

அம்மாவுக்கு உடம்பு தேறினதும் துபாய்ல லீவுக்கு இப்பவே சொல்லி வை. பஞ்சமி பெரும்பாலும் ஜனவரில வரும், பஞ்சாங்கம் பாத்து தேதி அனுப்புறேன். தஞ்சாவூர்ல ரூம் போட்டுட்டு விடிகாலை பஸ்ஸ பிடிச்சா முன்னாடியே இடம் பிடிச்சுடலாம், சின்னவனையும் கூட்டிட்டுப் போலாம். அம்மாவ கேட்டதா சொல்லு.