மார்கழி வாசிப்பு: ஞாயிறு கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

மார்கழி பிறந்ததிலிருந்து நான்கரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. தெருமுனைக் கோவிலில் திருப்பாவை ஒலிக்கத் தொடங்கும். வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிவிட்டு உள்ளே வந்தால், மற்றவர்கள் எழ ஒரு மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில்தான் இந்த மாதம் இரண்டு நாவல்களை முடித்தேன்.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ என்னை உலுக்கிவிட்டது. தீக்காயத்தோடு மகள் உள்ளே கிடக்க, மருத்துவமனை வாசலில் பெற்றோர் காத்திருக்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது, ஆனால் அது எதற்கும் உதவவில்லை. இரண்டு நாள் புத்தகத்தைத் தொடாமல் வைத்திருந்து, பிறகே தொடர்ந்தேன். மகள் இருக்கும் எல்லாரும் படிக்க வேண்டும்.

அடுத்தது தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’, 2023 சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று வரியிலிருந்து வந்தது. காரு மாமாவின் சாவுக்கு உறவுகள் வந்து சேருவதைப் படிக்கையில் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது.

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் இரண்டைப் பற்றியும் பேசலாம். பனி இறங்குவதற்குள் முடித்துவிடுவோம். சுக்குக் காபி தயாராக இருக்கும். என்னுடைய ‘சூல்’ நாவல் பிரதி யாரிடம் இருக்கிறதோ, அவர் அன்று மறக்காமல் கொண்டுவாருங்கள். அடுத்த வீட்டு அக்கா அதற்காகக் காத்திருக்கிறார்.